பெத்பேஜ் பெரியவருக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் வைத்த நிலாக் கலக் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நியூயார்க் லாங் ஐலண்டில் பெத்பேஜ் என்ற ஊரில் இருந்த க்ரம்மன் தொழிற்சாலையில் அறுபதுகளில் வேலை பார்த்த பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. நிலாவுக்கு ஆட்களை அனுப்பிய அப்போலோ திட்டத்தில், நிலாத் தரையில் இறங்குகிற பகுதியான லூனார் மாட்யூலைக் கட்டும் பொறுப்பை நாசா 1962 நவம்பரில் க்ரம்மனிடம் கொடுத்தது. க்ரம்மன் பொறியாளர் தாமஸ் கெல்லி தலைமையில் வடிவமைத்தார்கள். காற்றே இல்லாத வெளியில் மட்டும் ஓடுகிற, ஆள் ஏறிப் போகும் கலத்தை அதற்கு முன் யாரும் கட்டியதில்லை. பார்த்துச் செய்ய ஒரு மாதிரி கூடக் கிடையாது. படிப்பு முடித்த கையோடு அந்த வேலையில் சேர்ந்தவர் இவர்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்து கேட்டதில் பாதிக்கு மேல் எடையைப் பற்றித்தான். முதலில் போட்ட படத்தில் இரண்டு பேருக்கும் இருக்கை இருந்தது, பெரிய ஜன்னல்கள் இருந்தன. கண்ணாடி கனம் தாங்கவில்லை. இருக்கையை எடுத்துவிட்டு ஆளை நிற்க வைத்தால் முகம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், சின்ன முக்கோண ஜன்னலே போதும் என்று கண்டுகொண்டார்கள். அப்புறமும் எடை ஏறிக்கொண்டே போனது. 1965இல் எடையைக் குறைப்பதற்கென்றே தனியாக ஒரு திட்டம் போட்டு, அலுமினியத் தகடுகளை ரசாயனத்தில் அரித்து மெலிதாக்கினார்கள். சில இடங்களில் அறைச் சுவரின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்தான்.

பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள் என்று நான் நினைப்பது அவர் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கசக்கிக் காட்டியதை. பளபளக்கும் ஒரு தாளை எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக் கசக்கினார். மெதுவாகப் பிரித்து இன்னொரு கசங்கிய தாளின் மேல் வைத்தார். இரண்டும் அங்கங்கே சுருக்கம் எழும்பிய இடத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டன. தொடுகிற இடம் குறைந்தால் வெப்பம் கடப்பதும் குறையும். கலத்தின் வெப்பக் காப்பில் இப்படிப் பல அடுக்குகள், அவற்றை ஆட்கள் கையால்தான் கசக்கினார்கள் என்று அவர் சொன்னதும், மேசையில் இருந்த தாள் எல்லாம் காலியாகிவிட்டது!

கண்காட்சியில் கூட்டம் சேர்ந்தது அட்டைக் கதவின் முன்னால். அதுவும் அவர் யோசனை. கலத்தின் முன்வாசலை முதலில் வட்டமாகத்தான் வைத்திருந்தார்கள். 1964இல் முழு அளவு மாதிரி செய்து, விண்வெளி உடையும் முதுகுப் பெட்டியுமாக ஆளை இறக்கிப் பார்த்தபோது வட்டத்தில் நுழைய முடியவில்லை. கீழே இறங்கக் கயிறு மட்டும் இருந்ததும் சரிப்படவில்லை. அதனால் வாசல் சதுரமானது, திண்ணை போல ஒரு மேடையும் ஏணியும் வந்தன. ஆம்ஸ்ட்ராங் இறங்கிய ஏணி அதுதான். பிள்ளைகள் சுமார் 81 செ.மீ. சதுரத்தில் அட்டையை வெட்டி, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தவழ்ந்து வெளியே வரச் சொன்னார்கள். அப்பாக்கள்தான் அதிகம் சிக்கினார்கள்.

பட்ட சிரமங்களையும் பெரியவர் மறைக்கவில்லை. அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதல் கலம் 1967 ஜூனில் ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தபோது எரிபொருள் குழாய்களில் கசிவு இருந்தது. அதே டிசம்பரில் இன்னொரு கலத்தின் ஜன்னல் காற்றழுத்தச் சோதனையில் நொறுங்கியது. உடனே முதல் கலத்தின் ஜன்னல்களுக்கு அலுமினியத் தகடு போட்டு மூடி, 1968 ஜனவரியில் ஆளில்லாமல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஆட்களோடு போனவை ஒன்பது. ஆறு நிலாவில் இறங்கின. வழியில் தாய்க்கலம் பழுதான அப்போலோ 13இல், இரண்டு பேரை இரண்டு நாள் தாங்கக் கட்டிய கலம், மூன்று பேரை நான்கு நாள் போலத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தது. இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான்.

கார்டன் சிட்டி க்ரேடில் ஆஃப் ஏவியேஷன் அருங்காட்சியகத் தன்னார்வலர்களுக்கும் நன்றி. ரத்தான பயணத்துக்காகக் கட்டத் தொடங்கிய 13ஆம் எண் கலம் அங்கே நிற்கிறது. அதன் காலடியில் பிள்ளைகள் கேட்ட அத்தனை கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். விளக்க அட்டைகளைத் திருச்சியிலிருந்து ராத்திரி கண்விழித்துத் திருத்தித் தந்த எங்கள் தமிழ் ஐயாவுக்கும், அட்டையும் பசையும் சுமந்து அலைந்த பெற்றோர்களுக்கும் நன்றி. நாங்கள் போகும்போதெல்லாம் சாப்பிடாமல் அனுப்பாத பெரியவரின் மகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போகிறோம். இந்த மடலை அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லும் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
தமிழ்ப் பள்ளிப் பெற்றோரில் ஒருவர்