வெடிங்க, ஆனா நேரம் சொல்லிட்டு வெடிங்க

ஆசிரியர் சார், வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, எங்க தெருவுல இப்பவே ஆரம்பிச்சாச்சு. என் பையனுக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம். போன தீபாவளிக்கு பாதி நாள் பாத்ரூம்லதான் இருந்தான், குழாயைத் திறந்துவிட்டு பக்கெட்ல தண்ணி விழுற சத்தத்தை கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தான், வெளிச்சத்தம் அதுல அமுங்கிரும்ல. நான் வாசல்ல ஸ்டூல் போட்டு அங்கேயே அதிரசம் தின்னேன், வேற என்ன பண்ண.

இவனுக்கு வெடின்னாலே ஆகாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படியெல்லாம் இல்ல சார். ஹெட்போன் மாட்டிவிட்டா மொட்டை மாடியில நின்னு தூரத்துல ராக்கெட் போறதை அசையாம பாப்பான், புஸ்வாணம்னா குதிப்பான். எப்ப வரும்னே தெரியாம வர்ற சத்தம்தான் இவனுக்கு ஆகாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு யாரோ சும்மா ஒரு லட்சுமி வெடி போடுவாங்க பாருங்க, அது. 2018-ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மணி நேரம்தான்னு சொன்னதுக்கப்புறம் நம்ம அரசாங்கமும் காலையில 6-லேர்ந்து 7, ராத்திரி 7-லேர்ந்து 8-ன்னு வருஷா வருஷம் அறிவிக்குது, அதை மட்டும் மதிச்சா போதும், கடிகாரம் படம் வரைஞ்சு காட்டி பத்து நாள் முன்னாடியே அவனை தயார் பண்ணிருவேன்.

இன்னொன்னு. போன வருஷம் பலகாரம் குடுக்க வந்தவங்க கதவை சாத்தாம போயிட்டாங்க, அந்த நேரம் பாத்து ஒரு அணுகுண்டு, இவன் செருப்பு கூட போடாம ஓடிட்டான், மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில கண்டுபிடிச்சோம். இப்ப சட்டைப்பையில எங்க போன் நம்பர் எழுதின அட்டை எப்பவும் இருக்கு. இந்த மாதிரி பிள்ளைங்க தனியா நின்னா பேர் கேட்டு கத்தாதீங்க, பதில் வராது, பக்கத்துல நில்லுங்க, பையைப் பாருங்க. அப்புறம் எரிஞ்சு முடிஞ்ச மத்தாப்பு கம்பியை தண்ணி வாளியில போடுங்க, சில பிள்ளைங்களுக்கு சூடு சட்டுன்னு உறைக்காது, கையில எடுத்துருவாங்க.

புதுத்துணியும் உறுத்தும் அவனுக்கு. நாலு தடவை துவைச்சு, காலர் லேபிளை வெட்டிட்டுதான் போடுவேன். "துவைச்சா அது புதுசாடி"ன்னு அத்தை கோவிச்சுக்குவாங்க, ஆனா அவங்கதான் மூலையில மஞ்சளும் தடவிக் குடுப்பாங்க.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில, வேட்டங்குடி சரணாலயத்துக்கு வர்ற பறவைங்க மிரளும்னு ஊரே பல வருஷமா வெடி வெடிக்கிறதில்ல. நான் அவ்வளவு கேக்கல. தெரு வாட்ஸ்அப் குரூப்ல "ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம்"னு ஒரு வரி போடுங்க.

மேல் வீட்டுப் பையன் நேத்து வந்து, "அக்கா, எத்தனை மணிக்கு வெடிக்கட்டும்?"னு கேட்டான். ஏழேகால்னு சொல்லியிருக்கேன், அதுக்குள்ள என் பையனுக்கு சாப்பாடு முடிஞ்சிரும்.

இப்படிக்கு,
ஒரு அம்மா, மதுரை