புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: எல்லைக்கடை வருமானத்தை நம்பி இன்னும் எத்தனை பட்ஜெட்?

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் எல்லையில் முள்ளோடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். பிராந்திக்கடை வாசலில் நிற்கும் பைக்குகளில் டிஎன் 31 தான் அதிகம். கடலூர்க்காரர்கள் பெட்ரோலையும் இங்கேயே போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். தமிழ்நாட்டைவிட இங்கே விலை மலிவு. நெய்வேலிக்கு நிலக்கரி என்றால் நமக்கு இந்த விலை வித்தியாசம். அதுதான் நம் சுரங்கம்.

ஆனால் அதன் சாவி நம்மிடம் இல்லை. சென்னையில் ஒரு விலை மாற்றம் போதும், ஆட்டம் கண்டுவிடும். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் மற்ற பொருள்களில் இருந்த வரிச் சலுகை போயிற்று. அதற்கான இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. மிஞ்சியது மதுவும் எரிபொருளும்தான். 2020-இல் கொரோனா வரி போட்டு மது விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினீர்கள். அந்த வரி இருந்த காலத்தில் எல்லை தாண்டி இங்கே வர யாருக்கு என்ன அவசியம் இருந்தது?

2007 டிசம்பர் வரை, பட்ஜெட்டில் விழுந்த துண்டை மத்திய அரசு பார்த்துக்கொண்டது. புதுச்சேரிக்கென்று தனி அரசுக் கணக்கு தொடங்கிய பிறகு வெளிச்சந்தையில் கடன் வாங்குகிறோம், கட்டுவதும் நாமே. பழக்கம் மட்டும் மாறவில்லை. 2024–25 பட்ஜெட் 12,700 கோடி ரூபாய். அதில் 2,000 கோடிக்கு மேல் கடன். பழைய கடனுக்கும் வட்டிக்கும் போவது ஏறத்தாழ 1,800 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கூடுதல் விளக்கம் வேண்டாம். சம்பளம், பென்ஷன், மின்சாரம் வாங்கும் செலவு எல்லாம் போக, ரோடு போடவும் வாய்க்கால் தூர்வாரவும் என்ன மிஞ்சும்?

நன்றாக விற்ற வருஷங்களிலாவது எதையாவது ஒதுக்கி வைத்தோமா? கடலூர் சாலையில் அரசின் ஏஎஃப்டி துணி மில்லைப் பாருங்கள். 1898-இல் தொடங்கிய ஆலை. தானே புயலில் அடிபட்டது, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. புயல் ஒரு சாக்குதான். இயந்திரத்துக்குப் போட வேண்டிய பணம் பல வருஷம் நஷ்டத்தை ஈடுகட்டவே கரைந்தது. அரசு நிறுவனங்களான பாப்ஸ்கோ, பாசிக் கதை இன்னும் மோசம். தேர்தலுக்குத் தேர்தல் ஆளைச் சேர்த்தது எந்தக் கட்சி என்று கேட்டால் எல்லோரும் மற்றவரைக் காட்டுவீர்கள். சம்பளம் வராமல் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் மட்டும் நிஜம்.

தில்லி நம்மை, மத்திய வரியைப் பங்கிட்டுச் சொல்லும் நிதிக்குழுவின் வரம்பில் சேர்க்கவில்லை என்பது நியாயமான குறைதான். அதற்காகச் சண்டை போடுங்கள், கூடவே நிற்கிறோம். குடும்பத்தலைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை தருவதையும் நான் குறை சொல்லவில்லை. எந்த வரவிலிருந்து தருகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தொடரில் கடன் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வையுங்கள். எந்த வருஷம் எவ்வளவு வாங்கினோம், என்ன வட்டி, அதில் என்ன கட்டினோம், எப்போது முடியும் என்று தமிழில், வரிசையாக. மதுவில் வரும் கலால் வரவு மதிப்பீட்டைத் தாண்டும் வருஷத்தில் கூடுதல் தொகை முழுவதும் அசலைக் குறைக்கவே போகும் என்று சட்டம் போடுங்கள். மாநில அந்தஸ்து கேட்டுப் பலமுறை ஒருமனதாகத் தீர்மானம் போட்ட பேரவைக்கு இதுவும் முடியும். அந்தஸ்து பற்றிப் பேச உட்கார்ந்தால் தில்லிக்காரர்கள் முதலில் கேட்கப்போவதும் இந்தக் கணக்கைத்தான்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டை வாசி ஒருவன்