சேவலை விற்கும் முன்பு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த புறக்கடைக் கோழி வளர்ப்புக் கட்டுரை, ‘முட்டைக்குச் சேவல் தேவையில்லை, தீனிதான் வீண், விற்றுவிடுங்கள்’ என்று சேவலின் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டது. முட்டைக்குச் சேவல் வேண்டாம் என்பது சரிதான். சேவலின் முகத்தையே பார்க்காத பெட்டையும் முட்டையிடும். சேவல் சேர்ந்த முட்டையில் சத்து கூடுதல் என்று சொல்வதிலும் உண்மை இல்லை. ஆனால் நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவதே 60 முதல் 80 முட்டைதான். அதை விற்று யாரும் நிமிர்ந்துவிட முடியாது. அடைவைத்துக் குஞ்சு இறக்கி, வளர்த்து விற்றால்தான் வீட்டுப் பெண்களின் கையில் நாலு காசு நிற்கும். சேவல் இல்லாத வீட்டில் 21 நாளும் அரைவயிற்றோடு அடைகாத்த கோழிக்குக் கூமுட்டைதான் மிஞ்சும்.

எந்தச் சேவலை விற்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆடிமாதக் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் வியாபாரி வாசலுக்கே வருகிறார். நெஞ்சு அகன்று, கால் உரமாக, கொண்டை ரத்தச் சிவப்பாக நிற்கும் சேவலைத்தான் கைகாட்டுகிறார். நல்ல விலையும் அதற்குத்தான். பணமுடை நேரத்தில் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். நோஞ்சான் சேவல் மிஞ்சுகிறது. அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கெல்லாம் அதுவே தகப்பன் ஆகிறது. சில ஆண்டுகள் கழித்து, நாட்டுக்கோழி முன்போல எடை வருவதில்லை என்று புலம்புவதும் நாம்தான். விதைநெல்லை ஒதுக்கி வைத்த பிறகுதானே மீதி நெல்லை அளந்து போடுகிறோம்? சேவலிலும் அதைத்தான் செய்ய வேண்டும். வியாபாரி வருவதற்கு முன்பே எது நம் வீட்டில் நிற்கப்போகிறது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவலை விட்டால் மிதிபட்டே பெட்டைகளின் முதுகில் இறகு போய்ச் சதை தெரியும். நம் வீட்டிலேயே பொரித்து வளர்ந்த சேவலை அதன் தாயோடும் உடன்பிறந்த பெட்டைகளோடும் விடக் கூடாது. அந்த வழியில் வரும் முட்டை குறைவாகப் பொரிக்கும், குஞ்சும் சொத்தையாக இருக்கும். பக்கத்து ஊர்க்காரரிடம் நம் சேவலைக் கொடுத்துவிட்டு அவர் சேவலை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் மேல் பாய்ந்து கால்முள்ளால் கீறும் சேவல் எத்தனை அழகாக இருந்தாலும் தயங்காமல் விற்றுவிட வேண்டும். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் வரும்.

நல்ல சேவலை மேய்ச்சலில் ஒரு நாள் நின்று பாருங்கள். எருக்குழி ஓரத்தில் கரையானைக் கிளறிவிட்டால் அது முதலில் தின்னாது. அலகால் எடுத்துப் போட்டுப் போட்டுக் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து தெரிந்தால் நீளமாக ஒரு குரல் கொடுக்கும். அடுத்த நொடி கோழியெல்லாம் வேலிக்கடியில் ஒடுங்கிவிடும். நாயோ கீரியோ வந்தால் விட்டுவிட்டுக் கத்தும், குரலே வேறு. இரவில் மரநாய் வந்தால் மட்டும் சேவலை நம்ப முடியாது. அதற்குக் கூட்டின் கதவு கெட்டியாக இருக்க வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்துத் தெருவில் சேவல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கேரளத்தில் அடூர் அருகே, அதிகாலை 3 மணிக்கே கூவும் சேவலால் தூக்கம் கெடுகிறது என்று ஒருவர் புகார் கொடுக்க, பக்கத்து வீட்டு மாடியில் இருந்த கோழிக்கூட்டை 14 நாளில் இடம் மாற்றும்படி 2025 பிப்ரவரியில் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவிட்டார். புகார் சொன்னவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் வீடுகள் உண்டு. கூட்டை இருட்டாக மூடினால் கூவாது என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். விடியலின் நேரத்தைச் சேவல் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். மங்கலான வெளிச்சம் மாறாமல் இருந்த அறையிலும் அது ஏறக்குறைய விடியல் நேரத்தை ஒட்டியே கூவியது.

அப்படியானால் நகரத்தில் குஞ்சு எடுக்கவே முடியாதா? முடியும். தெரிந்தவரிடம் ஒரு சேவலை ஒரு வாரம் பத்து நாளுக்கு இரவல் வாங்கிப் பெட்டைகளோடு விட்டால் போதும். அதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள்வரை பெட்டை இடும் முட்டையில் கரு இருக்கும். அந்த முட்டைகளைச் சேர்த்து, பழசாகும் முன் அடைவைக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்திக்கால்போல ரத்த நரம்பு ஓடும். வெறும் முட்டை தெளிவாக இருக்கும், அதை எடுத்துவிடலாம்.

தங்கள் இதழில் கால்நடை விற்க, வாங்கப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதன் ஓரத்தில், சேவலை மாற்றிக்கொள்ளவும் இரவல் கொடுக்கவும் விரும்புவோருக்கு ஊர்வாரியாக நாலு வரி இடம் கொடுங்கள். ஆடிக்கு முன்பே தொடங்கினால், இந்த ஆண்டு சில நல்ல சேவல்களாவது வியாபாரியின் கூடைக்குப் போகாமல் நிற்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மணப்பாறை வட்டம்