மணப்பாட்டில் காற்று 16 நாட் என்றீர்கள்: சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

வணக்கம்.

ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் காற்று முன்கணிப்புச் செயலியைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் எழுதுகிறேன். உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது. "உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்" என்று ஒரு பதில், ஒரு மாத இலவச நீட்டிப்பு, கூடவே ஒரு மூச்சுப் பயிற்சி ஒலிப்பதிவு, இவ்வளவுதான் வந்தது. நான் என் உணர்வுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காற்றின் வேகம், திசை இரண்டையும் பற்றித்தான் எழுதியிருந்தேன். அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன், காற்று தெரிந்த யாராவது ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அவர் கையில் போய்ச் சேரட்டும்.

எனக்கு ஊர் வள்ளியூர். காற்றாலைப் பராமரிப்பு வேலை, பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில். ஓய்வு நாட்களில் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய் கைட்போர்டிங், அதாவது கைட் என்ற பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு, செய்கிறவன். ஆடியில் இங்கே காற்று அடிக்கும் என்று சொல்ல எனக்குச் செயலி தேவையில்லை. பருவக்காற்று நடுநடுவே சில நாட்கள் அடங்கும், அந்த நாட்கள் எவை என்று தெரிந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைத் தண்ணீரில் இறக்கலாம். அதற்காகத்தான் உங்களுக்குப் பணம் கட்டினேன்.

அப்படி அடங்கியிருக்கும் என்று நீங்கள் சொன்ன ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் இந்தப் புகார். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை 16 நாட் (கடலில் காற்று வேகத்தைச் சொல்லும் அளவு), தென்மேற்கு, கட்டம் முழுக்கப் பச்சை. மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 12 மீட்டர் (பரப்பு, சதுர மீட்டரில்) கைட்டுக்குச் சரியான காற்று. என் மச்சினன் அந்தக் கைட்டோடு இறங்கினான். முதல் ஒரு மணி நேரம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது, அதை மறைக்கவில்லை. பத்து மணி தாண்டியதும் காற்று மேற்குப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவ அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, கச்சான் ஏறுதுலா, அவனச் சட்டுன்னு கரைக்குக் கூப்பிடும்" என்றார். மேற்கிலிருந்து வரும் காற்றைத்தான் கச்சான் என்பார்கள். நான் கையசைத்தேன், அவனும் திரும்பத்தான் பார்த்தான். அதற்குள் அடித்த அடியில் என் கையிலிருந்த அனிமோமீட்டர் (காற்றுமானி) 32 நாட் காட்டியது. அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கி, வலது தோள் கீழே படும்படி அடித்துப் போட்டது. கைட்டைக் கழற்றிவிடும் சேஃப்டியை இழுத்துக் கைட்டை விட்டுவிட்டான், நல்லவேளை. ஆனால் காற்று அப்போது வடமேற்காகியிருந்தது, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று, அந்தப் பக்கம் அடுத்து இருக்கிற நிலம் இலங்கைதான். அதே அண்ணாச்சியின் மகன்தான் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு போய் ஏற்றி வந்தான்.

அன்று காலை அந்த 16 நாட் எண்ணுக்குக் கீழே, "இன்றைய சிந்தனை" என்ற பெட்டியில் நீங்கள் போட்டிருந்த வரி இது: "காற்று அழைத்துச் செல்லும் இடத்துக்கு உங்களை ஒப்புக்கொடுங்கள்." படம் எடுத்து இணைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், மச்சினன் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் கைட்டின் இழுப்பு நான்கு மடங்காகும். 16 நாட்டுக்கு என்று எடுத்த 12 மீட்டர் கைட்டை 32 நாட்டில் பிடித்திருப்பது என்றால் என்ன என்று இதிலிருந்தே தெரியும். அந்தக் காற்றுக்கு 7 மீட்டர் கைட், அதுவும் நன்றாகப் பழகியவர் கையில், அதுவும் கரையை நோக்கியோ கரையோடோ காற்று அடிக்கும்போது.

முன்கணிப்பு ஒருநாள் தப்புவது பெரிய விஷயம் இல்லை. வானிலையில் அது நடக்கும், எங்கள் காற்றாலை உற்பத்திக் கணிப்பும் தப்புகிறது. என் சண்டை அதைப் பற்றியது அல்ல. எங்கே தப்பும், எந்தப் பக்கம் தப்பும் என்று முன்கூட்டியே தெரிகிற இடத்தில் ஒற்றை எண்ணைப் பச்சை நிறத்தில் போட்டு, "உங்கள் கடற்கரைக்கென்றே கணித்தது" என்று விற்கிறீர்களே, அதைப் பற்றித்தான்.

உங்கள் செயலியில் உவரி, பெரியதாழை, மணப்பாடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உவரிக்கும் மணப்பாட்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். மூன்றுக்கும் எண்கள் ஒன்றே, தசமம்கூட மாறவில்லை. அப்புறம் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலை மாதிரியின் (கணினியில் ஓட்டும் கணிப்பின்) எண்களை எடுத்து ஒப்பிட்டேன், அது இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பது. உங்கள் எண்ணும் அதுவும் ஒன்று. கால் பாகை கட்டம், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு கட்டத்துக்குள் கடலும் உடன்குடிப் பனங்காடும் தேரி மணலும் எல்லாம் சேர்ந்து ஒரே சராசரியாகிவிடுகின்றன. இலவசமாகக் கிடைப்பதை அழகாகக் காட்டிக் காசு வாங்குவதில் தப்பில்லை, நானும் கொடுத்திருப்பேன். ஆனால் அதை உள்ளூர்க் கணிப்பு என்று சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்துக் காற்றை அந்தக் கட்டத்தால் ஏன் பிடிக்க முடியாது என்றால், காரணம் மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரி மட்டுமே 1,600 மீட்டருக்கு மேல் உயரம். அதற்குத் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்து கிடக்கிறது. குழாய் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி, அந்த வழியாக நெருக்கிக்கொண்டு வருகிற காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கக் காரணம், எனக்குச் சம்பளம் வரக் காரணமும் அதுதான். 27 கிலோமீட்டர் கட்டத்தில் மலை மழுங்கிவிடும், கணவாய் காணாமலே போய்விடும். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாட்களில் எங்களுக்கு வருவது வறண்ட காற்றும் கண்ணில் விழுகிற மண்ணும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணல் இன்றைக்கும் அந்தக் காற்றில் மேடு மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவனுக்கு, இந்த வட்டாரக் காற்று சராசரிக்குள் அடங்காது என்பது புரியும்.

இன்னொரு விஷயம் கோபுரத்தில் ஏறுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி தரையில் ஒரு இலை அசையாது, 80 மீட்டர் உயரத்தில் காற்றாலை இறக்கை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் வெயில் ஏறித் தரை சுட்டதும், மேலே ஓடிக்கொண்டிருந்த அந்தக் காற்று கலங்கி, சீராக இல்லாமல் குத்துக் குத்தாகக் கீழே இறங்கும். ஒன்பது மணிக்கு இருந்த காற்றை நம்பிப் பதினொரு மணிக்குக் கடலில் இருக்க முடியாததற்கு இதுதான் காரணம். நீங்கள் காட்டுவது 10 மீட்டர் உயரத்தில் கணக்கிட்ட சராசரி வேகம். கைட் பறப்பதோ 20 மீட்டருக்கும் மேற்பட்ட கயிற்றின் நுனியில். அடிப்பது சராசரியும் அல்ல, கஸ்ட், அதாவது திடீரென்று குத்துகிற காற்று. அந்த கஸ்ட் எண் உங்கள் மூலத் தரவிலேயே தனியாக இருக்கிறது, நான் எடுத்துப் பார்த்தேன், அன்றைக்கு அது 16ஐவிட எவ்வளவோ அதிகமாகத்தான் இருந்தது. அதை ஏன் திரையில் விட்டுவிட்டீர்கள்? இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. "இன்று உங்கள் மனநிலை எப்படி?" என்று ஐந்து மஞ்சள் முகங்களுக்கு இடம் இருக்கிறதே.

திசைக்கு வருகிறேன், ஏனென்றால் வேகத்தைவிட அதுதான் ஆளைக் கொல்லும். எங்கள் கரை தென்கிழக்கைப் பார்த்தது. தென்மேற்குக் காற்று கரையோடு ஓடும், அதில் விழுந்தாலும் கொஞ்சம் தள்ளிக் கரை ஏறிவிடலாம். அது மேற்கு, வடமேற்கு என்று திரும்பிவிட்டால் உள்ளே கொண்டுபோகும். உங்கள் செயலிக்கு எந்தக் கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே தெரியவில்லை. வேகத்தை மட்டும் பார்த்துப் பச்சை அடிக்கிறது. 12 நாட்தான் என்றாலும் கடலுக்குள் தள்ளுகிற காற்று என்றால் சிவப்பு அடிக்க வேண்டாமா? விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்களுக்கும் இதேதான், பாய்மரம் ஒடிந்தால் கையால் துடுப்புப் போட்டு எதிர்க்காற்றில் எவ்வளவு தூரம் வருவார்கள்?

மேலே "இப்போது புதுப்பிக்கப்பட்டது" என்று போடுவதையும் நிறுத்துங்கள். அது என் கைப்பேசி உங்கள் சர்வரைத் தொட்ட நேரம். அந்த ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, நம் நேரத்தில் 5.30, 11.30 என்ற கணக்கில் தொடங்கி, முடிவு வெளிவர இன்னும் சில மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு நான் பார்த்தது முந்தைய இரவு ஓடியதன் முடிவு. எந்த ஓட்டம் என்று போட்டால் நாங்களே தள்ளிக் கழித்துப் புரிந்துகொள்வோம்.

மனநலப் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பதிலில் அதைத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் விரோதம் இல்லை. வாரம் முழுக்கக் கோபுரத்துக்குள் இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்கு, கைப்பேசியைக் கரையிலேயே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு வந்தால் ராத்திரி வருகிற தூக்கமே வேறு. ஆனால் உங்கள் செயலி செய்வது அதற்கு நேர் எதிரானது. தொடர்ந்து கடலில் இறங்கினால் ஒரு தீச்சுடர் படம், இறங்காவிட்டால் சுடர் அணைந்து "உங்கள் தொடர் முறிந்தது" என்று அழுகிற முகம். மச்சினனைப் போன்ற இருபது வயதுப் பையன்கள் அந்தச் சுடரைக் காப்பாற்றவே, சந்தேகமான நாளிலும் கைட்டைக் காரில் ஏற்றுகிறார்கள். காற்று சரியில்லாத அன்று சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழே உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு, கயிற்றுச் சிக்கலை எடுத்து, வால்வைச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதும் இந்த விளையாட்டில் சேர்ந்ததுதான். அந்த நாளுக்கு ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறீர்கள்? மனநலம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துத்தான் வைத்தார்களா?

இலவசமாகவே இதைவிடப் பொறுப்பாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளுக்கு வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுகிற எச்சரிக்கையில் இந்தப் பருவத்தில் 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் என்று வீச்சையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தையும் கள்ளக்கடல் (திடீரென்று பெருகி வரும் அலை) எச்சரிக்கையையும் தருகிறது. குறைந்தபட்சம் அந்த எச்சரிக்கை இருக்கிற நாளிலாவது உங்கள் பச்சைக் கட்டத்துக்கு மேல் அதை ஒட்டியிருக்கலாம்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முழு ஆண்டுச் சந்தாவையும் திருப்பித் தர வேண்டும், இலவச மாதம் வேண்டாம். கிழிந்த கைட்டைத் தைத்த ரசீதும் தோளுக்கு எடுத்த எக்ஸ்ரே ரசீதும் இணைத்திருக்கிறேன், அதையும் தர வேண்டும். பணத்தோடு விஷயம் முடிந்துவிடாது, கஸ்ட் எண்ணைச் சராசரிக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள், ஒவ்வொரு கரைக்கும் அது பார்க்கிற திசையைப் பதிந்து உள்ளே தள்ளும் காற்றுக்குச் சிவப்பு வையுங்கள், எந்த வானிலை மாதிரி, எத்தனை மணி ஓட்டம் என்று எழுதுங்கள், அந்தச் சுடரை எடுத்துவிடுங்கள். உள்ளூர்க் கணிப்பு என்று விளம்பரம் செய்தே தீருவோம் என்றால் கரையில் ஒரு காற்றுமானியை நடுங்கள். இடம் பார்த்துக் கொடுக்க நானே வருகிறேன், சும்மா சொல்லவில்லை.

15 நாட்களுக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். திரைப் படங்கள், அனிமோமீட்டர் பதிவு, உவரி மணப்பாடு ஒப்பீடு எல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறேன்.

பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், மூச்சுப் பயிற்சி மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வள்ளியூர் சந்தாதாரர்

இணைப்பு: திரைப் படங்கள், சந்தா ரசீது, தையல் ரசீது, எக்ஸ்ரே ரசீது