அண்டாவும் ஒரு சுவரும்

அன்புள்ள சீனு,

நாலு மாசமா எழுதலை. பரண்ல இருந்த பித்தளை அண்டாவை இறக்கப் போய் ஸ்டூல்லேர்ந்து விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டேன். இடது கைதான், அதனால அது சாக்கு ஆகாது. பார்க்க வர்ற எல்லார்கிட்டயும் கமலா சொல்றது ஒண்ணுதான்: "நல்லவேளை, அண்டாவுக்கு ஒண்ணும் ஆகலை."

கட்டோட உட்கார்ந்த ஆறு வாரத்துல, ஊமைப்பட காலத்து காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனோட படங்களை வரிசையா பார்த்தேன். நீ அந்தக் காலத்திலேர்ந்து சாப்ளின் கட்சி. இருந்துட்டுப் போ. ஆனா சாப்ளின் நம்மகிட்ட கொஞ்சம் கண்ணீர் வாங்காம விடமாட்டார். கீட்டன் எதுவும் கேட்கறதில்லை. சின்னப் பையனா இருந்தப்ப அவங்கப்பா மேடையில அவரை மூட்டை மாதிரி தூக்கி எறிவாராம். தான் சிரிக்காம இருந்தாத்தான் ஜனம் கூடச் சிரிக்குதுன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டார்.

நாம பள்ளிக்கூடத்துல பார்த்த ஊமைப்படம் தடதடன்னு ஓடுமே, அது அவங்க குத்தம் இல்லை. நொடிக்கு 16, 18 ஃப்ரேம்னு கையால சுத்தி எடுத்ததை 24-ல ஓட்டினா அப்படித்தான் ஓடும். சரியான வேகத்துல பாரு, நடை நடையா இருக்கும்.

1928-ல வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'ல புயல் அடிக்குது. சாக்ரமெண்டோ ஆத்தங்கரையில போட்ட செட். வீட்டோட முன்சுவர் மொத்தமும், ரெண்டு டன்னுன்னு சொல்றாங்க, கீட்டன் மேல சாயுது. மாடி ஜன்னல் திறந்திருக்கு. அந்த ஓட்டை சரியா அவர் தலைவழியா இறங்குது. தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவுல சில அங்குலம். தந்திரக் காட்சி கிடையாது, நிஜச் சுவர். விழற வரைக்கும் மனுஷன் அசையலை. மூணடி ஸ்டூல்ல நின்னு நான் போட்ட ஆட்டத்தை நினைச்சேன்.

இதை விடு. எழுத உட்கார்ந்ததே வேறதுக்கு. 1924-ல 'ஷெர்லாக் ஜூனியர்' எடுக்கும்போது, ரயில் தண்ணித்தொட்டிக் குழாயிலேர்ந்து கொட்டின தண்ணி அவரைத் தண்டவாளத்துல மோத வச்சுடுச்சு. தலைவலி தலைவலின்னு கிடந்துட்டு மறுபடி வேலைக்குப் போயிட்டார். கழுத்தெலும்பு முறிஞ்சு தானா கூடியிருக்குன்னு பல வருஷம் கழிச்சு ஒரு எக்ஸ்ரேயிலதான் தெரிஞ்சது.

உன் முதுகு வலிக்கு வயசு என்ன? வருஷம் ஒண்ணு ஆகப்போகுது. வாயுன்னு நீயே பேர் வச்சு, நீயே தைலம் தடவிக்கிட்டு இருக்கே. திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறேன்னு எழுதாதே. உன் திங்கட்கிழமை எப்படிப்பட்டதுன்னு அந்த சைக்கிள் விஷயத்துலயே பார்த்தாச்சு. தேதி போட்டு எழுது.

கமலா விசாரிச்சா. அண்டா இன்னும் கூடத்துலதான் இருக்கு.

உன்,
ராமு