ஒரே தொகுதி, ஆளுக்கொரு வாக்குறுதி

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

பதில் தாமதம்தான். திட்ட வேண்டியதை இதற்குள் திட்டி முடித்திருப்பாய், மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். மாஸ்டர் அதே மப்ளர், அதே கோபம்.

வார்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு உன்னை அட்மின் ஆக்கிவிட்டார்களாமே! ஹாஸ்டல் மெஸ் செயலாளராக நீ ஆண்ட லட்சணம் அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. சரி, எவனோ போட்ட பொய்க்கு உன்னைத் தூக்குவார்களா என்று கேட்டாய். அட்மினாக இருப்பது மட்டும் குற்றமாகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு சொல்லியிருக்கிறது. உங்கள் கொடைக்கானல் அதன் எல்லைக்குள்தான். மறு வருடம் கேரள உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. போட்டவனோடு நீயும் கூட்டு என்றால் கதை வேறு.

பொய்யைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. மழைக்காலம் வந்தால் 'குன்னூர் ரோட்டில் மண்சரிவு' என்று ஒரு வீடியோ கிளம்பும். ஓடவிடாமல் நிறுத்திப் பார். வண்டி எண் நம்ம நீலகிரி TN 43-ஆ, வயநாட்டு KL 12-ஆ? கடைப் பலகையில் தமிழா, மலையாளமா? தெளிவான ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடு. பழையதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டும். கலெக்டர் லீவு விட்டார் என்ற படம் வந்தால் முதலில் தேதியைப் பார். அதைத் தயாரிப்பவர் பல நேரம் எட்டாம் வகுப்பு மாணவராக இருப்பார், எழுத்துரு பொருந்தாது.

எனக்குக் குடைச்சல் வேறு இடத்தில். இந்த நீலகிரி மக்களவைத் தொகுதியையே எடுத்துக்கொள். உதகை, குன்னூர், கூடலூர் மேலே. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. மைக் கட்டிய ஜீப் வந்த காலத்தில் சொன்னது எல்லார் காதிலும் விழும். எதிர்க்கட்சிக்காரன் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் அதே முக்கில் மேடை போட்டுக் கிழிப்பான். இப்போது வருவது வாய்ஸ் நோட். கோத்தகிரிச் சிறு விவசாயிக்குப் பச்சைத் தேயிலை விலை, அதுவும் படுக மொழியில். கூடலூரில் உரிமைச் சிக்கல் தீராத ஜன்மம் நிலத்தில் (பிரிவு 17 என்பார்கள்) இருப்பவருக்குப் பட்டா. மசினகுடி ரிசார்ட்காரருக்கு யானை வழித்தடச் சிக்கலுக்குத் தீர்வு. அவிநாசிக்கு அத்திக்கடவுத் தண்ணீர். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸை எடுத்துவிடுவோம் என்று லாட்ஜ்காரரிடமும், வண்டிகளை இன்னும் குறைப்போம் என்று ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் நொந்தவரிடமும் ஒரே வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். இவருக்கு வந்தது அவருக்குத் தெரியாது. காதில் விழாத பேச்சுக்கு எவன் மறுப்பு சொல்வான்?

இதற்குப் பெரிய மூளையும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர். ஆனால் அனுப்புகிறவரின் எண்ணை நீ சேமித்து வைத்திருந்தால்தான் உனக்கு வந்து சேரும். தேர்தலுக்கு ரொம்ப முன்னாலேயே பூத் ஆள் வீட்டுக்கு வந்து, 'பென்ஷன், ரேஷன் எதுன்னாலும் கூப்பிடுங்கண்ணா, நம்பரை சேவ் பண்ணிக்குங்க' என்று உருகுவது இதற்குத்தான். வாக்காளர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஓர் ஆள் போட்டுவிட்டால், யாருக்கு எந்த வாய்ஸ் நோட் என்பது அவன் கையில்.

வாட்ஸ்அப் கட்டுப்பாடு போடாமல் இல்லை. 2018இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் அல்லது குரூப் என்றார்கள். 2020இல், பல கை மாறிய செய்தி என்றால் ஒன்றே ஒன்று என்றார்கள். இரட்டை அம்புக்குறி அதற்கான அடையாளம். ஆனால் வீடியோவை போனில் இறக்கி, கேலரியிலிருந்து புதிதாக ஏற்றினால் அம்பும் போச்சு, கணக்கும் முதலிலிருந்து. அம்பு இல்லை என்பதற்காக எதையும் நம்பிவிடாதே.

ஃபேஸ்புக் விளம்பரம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், நானே இப்படிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை! மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இந்தியா, அரசியல் என்று தேர்ந்தெடுத்துக் கட்சிப் பெயரைத் தட்டினால், யார் காசு, தோராயமாக எவ்வளவு, எந்த மாநிலத்தில் காட்டினார்கள் என்று வந்துவிடும். ஏழு வருடம் அங்கேயே கிடக்கும். வாய்ஸ் நோட்டுக்கு முகவரியும் இல்லை, தேதியும் இல்லை.

அதனால் நீ ஒன்று செய். குரூப்பில் அரசியல் கூடாது என்று போர்டு மாட்டாதே. மாட்டினால் அவரவர் தனிக் குரூப்புக்குப் போய்விடுவார்கள். எந்தக் கட்சி அனுப்பிய வாக்குறுதியானாலும் இங்கே கொண்டு வந்து போடுங்கள், வந்த தேதியும் ஊரும் எழுதுங்கள் என்று சொல். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுக் காட்டலாம். பொய் என்று தெரிந்ததை 'இது பொய்' என்று தலைப்பு வைத்துத் திரும்பச் சுற்றவிடாதே, தலைப்பு உதிர்ந்துவிடும், வீடியோ மட்டும் போகும். உண்மையை இரண்டு வரியில் எழுது. படிக்காத பெரியவர்களுக்காக உன் குரலிலும் பேசிப் போடு. ராத்திரி மழையில் வதந்தி முற்றினால், 'அட்மின் மட்டும்' என்று மாற்றிவிட்டு விடிந்ததும் திறந்துவிடு.

இ-பாஸ் உங்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. அங்கே வருவதை எனக்கு அனுப்பு, இங்கே வருவதை நான் அனுப்புகிறேன். இரண்டு மலைக்கும் ஒரே பேச்சா என்று பார்த்துவிடுவோம்.

வரும்போது மலைப்பூண்டு கொண்டுவா. போன தடவை மாதிரி முளைவிட்டதைத் தலையில் கட்டாதே.

உன்,
குண்டு ராமு