அறுபதாயிரம் டாலர் ஓட்டை

ஆசிரியருக்கு,

வெளிநாட்டவர் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசா என்றதும் 2025 செப்டம்பரில் டிரம்ப் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணத்தைத்தான் பேசுகிறோம். அமெரிக்க ஊழியர்களின் கோபத்துக்கு அதைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. எச்-1பி ஆட்களையே பெரிதும் நம்பியிருக்கும் நிறுவனங்கள், உள்ளூர்க்காரரை நீக்கி அந்த இடத்தில் வெளிநாட்டவரை அமர்த்த மாட்டோம் என்று உறுதி தர வேண்டும். அந்த வெளிநாட்டவருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்துவிட்டால் அந்த உறுதி தேவையில்லை. 1998-இல் வைத்த தொகை, இன்னும் அப்படியே! தன் இடத்துக்கு வருபவருக்குத் தானே வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

என் மகனும் இதே விசாவில் போனவன்தான். சொல்லக் கொஞ்சம் சங்கடம். சரி, அந்தத் தொகையை உயர்த்தினால் நம் பிள்ளைகளுக்கும் நியாயமான சம்பளம் கிடைக்குமே?

- ஒரு வாசகர், கோவை